பித்தளை வளையம் காணாமல் போன ஆயுத பூஜை

என் வீட்டுக்காரர் துளசிங்கத்துக்கு நாற்பத்தைந்து வயது. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பகலெல்லாம் ஊருக்கு ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற மனுஷன், கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் பொம்மை வைத்து விளையாடுவார். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? தெருவுக்கே தெரியும்.

பொம்மை என்றதும் கண்ணை உருட்டுகிற பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையாகத் துளை போட்ட இரும்புப் பட்டைகள், தகடுகள், பித்தளைப் பல்சக்கரங்கள், அச்சுக் கம்பிகள், டப்பா டப்பாவாக நட்டும் போல்டும். இவற்றை முடுக்கினால் நிஜமாகவே ஓடுகிற இயந்திரம் செய்யலாம். வெள்ளைக்காரன் காலத்துச் செட் ஒன்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் டிரங்குப் பெட்டியோடு அவருக்குக் கிடைத்தது. கல்யாணமான புதிது. கடைக்குத்தான் ஏதோ சரக்கு வாங்கி வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் கூடத்தில் ஒரு குட்டிப் பாலம் நிற்கிறது, நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் மேலே தூக்கிக்கொள்கிறது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தச் சாமானையும் வெட்டக் கூடாது, வளைக்கக் கூடாது, புதிதாகத் துளை போடக் கூடாது. திருமுடிவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கிற சிநேகிதர்கள் "ஒரு ஓட்டை போட்டுத் தரேன், வேலை முடிஞ்சிடும்" என்பார்கள். இவர் கேட்க மாட்டார். "போட்டுட்டா அது அந்த வேலைக்கு மட்டும்தான் ஆவும். இன்னிக்குப் பாலம், நாளைக்கு வண்டின்னு மாறாது" என்பார். சம்பாதிக்கிற விஷயத்தில் இவ்வளவு கொள்கை இருந்திருந்தால் நாங்கள் மாடி கட்டியிருப்போம்.

நான் சொல்ல வந்தது கிரேன் கதை. அந்த வருஷம் ரயில் லைனுக்கு மேலே பாலம் கட்டுவதற்காக ஒரு ராட்சதக் கிரேன் வந்து நின்றது. தினமும் சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு இவர் அதைப் பார்க்கப் போய்விடுவார். ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அதே மாதிரி ஒன்று செய்தார். என் இடுப்பு உயரம். சோபா போட நான் வைத்திருந்த இடத்தில் நின்றது. பழைய டேப் ரிக்கார்டரின் மோட்டார் ஒன்றுதான் எல்லாவற்றையும் ஓட்டும். ஒரு பிடியைத் தள்ளினால் கொக்கி ஏறும், இன்னொன்றைத் தள்ளினால் கை உயரும், மூன்றாவதைத் தள்ளினால் கிரேனே திரும்பும். மோட்டாரை நிறுத்தினாலும் தூக்கிய சாமான் அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும் என்று பிரித்துப் பிரித்து மாட்டினார். நின்ற அன்றைக்கு எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

செய்வதோடு முடியாது. ஓடுகிற சாமான் அதிர்ந்து அதிர்ந்து தானாகவே கழன்றுகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு ஸ்பேனரோடு உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்து இறுக்குவார். ஊசியில் எண்ணெய் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார். அச்சுக் கம்பி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நழுவாமல் இருக்க ஓரத்தில் ஒரு பித்தளை வளையம் மாட்டியிருக்கும். காலர் என்பார்கள். கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும், நடுவில் ஓட்டை. பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்க்ரூ அதைக் கம்பியோடு பிடித்துக்கொள்ளும். அது தளர்ந்தால் காலர் நகரும், காலர் நகர்ந்தால் கம்பி நகரும், கம்பி நகர்ந்தால் பல்சக்கரம் பல்லை விட்டுவிடும். அவ்வளவு பெரிய கிரேனுக்கு உயிர் அந்தக் கடலையில்தான்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறேன். என் தங்கை புஷ்பலதாவுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எழுத ஏதோ நாகரிகமான பெயர் வைத்திருக்கிறார்கள். நான் எங்கள் ஊர் அம்மன் பேரில் செல்லி என்றுதான் கூப்பிடுவேன், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். சிட்லபாக்கத்திலிருந்து காலையில் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டு புஷ்பா கால் சென்டருக்குப் போவாள். சாயங்காலம் வந்து கூட்டிப்போவாள். நடுவில் இருக்கிற பொழுது என்னுடையது. சோறு ஊட்டுவதற்கு மற்ற வீடுகளில் நிலாவைக் காட்டுவார்கள், காக்காயைக் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் கிரேன். கொக்கி மேலே ஏறும்போது செல்லியின் வாய் தானாகத் திறக்கும், நான் ஒரு கவளத்தைத் திணித்துவிடுவேன்.

புஷ்பாவின் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "அது வூடா, இரும்புக் கடையா? கொழந்த எதையாவது முழுங்கி வைக்கப் போவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சிட்லபாக்கத்திலேயே ஏரிக்குப் பக்கத்தில் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற ஒரு கிரீச் பார்த்தும் வைத்துவிட்டார். புஷ்பா என்னிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். "என் கண்ணு அவமேலதான்டி இருக்கும். ஒரு நட்டு அவ கைக்குப் போவாது. போனா அன்னிக்கே நீ கூட்டிக்கினு போயிடு" என்றேன். வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அன்றையிலிருந்து தினமும் தரையைப் பெருக்கும்போது குனிந்து குனிந்து பார்ப்பேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு எல்லோருக்கும் லீவு, புஷ்பாவுக்கு இல்லை. ஆஸ்திரேலியாக்காரனுக்கு ஏது ஆயுத பூஜை? வழக்கம்போல செல்லியை விட்டுவிட்டுப் போனாள். கடையில் பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்து இவர் வீட்டுப் பூஜைக்கு உட்கார்ந்தார். வருஷம் பூரா பேண்ட் போடுகிறவர் அன்றைக்கு மட்டும் வேட்டி. கிரைண்டர், மிக்ஸி, தையல் மெஷின், அரிவாள்மனை, மொபெட் எல்லாவற்றுக்கும் நான் சந்தனம் குங்குமம் வைத்து முடித்தேன். இவர் மட்டும் கிரேனை விட்டு எழுந்திருக்கிற வழியாக இல்லை. துடைக்கிறார், கழற்றுகிறார், எண்ணெய் விடுகிறார்.

"நல்ல நேரம் முடியப் போவுது, வரீங்களா இல்ல நானே கற்பூரம் காட்டிடவா?" என்று கத்தினேன்.

"இதோ வந்துட்டேன், ஒரே ஒரு நிமிஷம்" என்றார். இன்னொரு தரம் கத்தினேன். வந்துவிட்டார்.

எல்லோரும் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மேலே ஒரு கூத்து உண்டு. கற்பூரம் காட்டி முடித்ததும் கிரேன் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்கப்புறம் மறுநாள் காலை வரை பூஜைக்கு வைத்த எதையும் தொடக் கூடாது. செல்லி கிரேனுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் பொரியைத் தன்மேல் கொட்டிக்கொண்டு, கிடைத்ததை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

இவர் பிடியைத் தள்ளினார். பழம் பாதி உயரம் ஏறியது. கரகரவென்று ஒரு சத்தம், கயிறு சரசரவென்று அவிழ்ந்தது, பழம் தொப்பென்று விழுந்து உருண்டு ஓடியது. செல்லி கைதட்டினாள். இவர் குனிந்து உள்ளே பார்த்தார். முகம் மாறிப்போயிற்று.

"கோகிலா, ஒரு காலர் காணோம்."

"எந்தக் காலர்?"

"கயிறு சுத்தற டிரம் பக்கத்துல மாட்டியிருந்தேனே, அது. அதான் அச்சு நழுவிக்கினு வந்துடுச்சு."

எனக்கு அச்சும் தெரியவில்லை, டிரம்மும் தெரியவில்லை. செல்லியின் வாய்தான் தெரிந்தது. மென்றுகொண்டிருந்தது. பாய்ந்து போய் விரலை விட்டுத் துழாவினேன். நனைந்த பொரி. அவ்வளவுதான். அவள் வீறிட்டு அழுதாள். பொரியை எல்லாம் முறத்தில் கொட்டிப் புடைத்தேன். இவர் பாயை உதறினார், பீரோவை நகர்த்தினார், டார்ச் அடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுத்துப் போனார். மற்ற காலர் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அந்த ஒன்று மட்டும் இல்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அவ முழுங்கிட்டா" என்றேன்.

"இருக்காது" என்றார். அவர் குரலே அவரை நம்பவில்லை.

வேட்டி தரையில் புரண்டு புரண்டு அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்துக் கட்டில்மேல் எறிந்துவிட்டு பேண்ட்டை மாட்டிக்கொண்டு வந்தார். செல்லியைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் இருக்கிற டாக்டர் தோத்தாத்ரி வீட்டுக்கு ஓடினோம். ரிட்டயர் ஆன டாக்டர், நல்ல மனுஷர். அவர்கள் வீட்டிலும் பூஜை நடந்துகொண்டிருந்தது. குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டார்.

"மூச்சு நன்னா இருக்கு. பயப்படாதீங்கோ. ஆனா முழுங்கலைன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்கோ. அது வரைக்கும் வாய்க்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம்."

"சீட்டு எழுதிக் குடுங்க சார்" என்றார் இவர்.

டாக்டர் சங்கடமாக உள்ளே பார்த்தார். "பேனா, பேடு எல்லாம் சரஸ்வதிகிட்ட இருக்கு. நாளைக்குக் காலைல வரைக்கும் எழுதக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லுங்கோ, போறும்."

கோபம் வந்தது, ஆனால் அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் வீட்டிலும் அரிவாள்மனை பூஜையில்தானே இருக்கிறது. ஆட்டோ பிடித்து மேற்குத் தாம்பரத்தில் ஒரு எக்ஸ்ரே சென்டருக்குப் போனோம். ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள், ஒவ்வொரு குலுக்கலிலும் இலை என் முகத்தில் அடித்தது. செல்லி பசியில் என் தோளைக் கடித்துக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் நான் வேண்டிக்கொண்டதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அம்மா, அந்தக் கிரேன் வேண்டுமானால் தவிடுபொடியாகட்டும், இவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றேன். அப்புறம், ஒன்றும் ஆகாவிட்டாலும் இவளை இனிமேல் என்னிடம் விட மாட்டார்களே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கு என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

சென்டர் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே எலியேசர் என்ற தம்பி ஒருவர் தனியாக உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். அவர்தான் படம் எடுப்பவர். அவருக்குப் பின்னால் மெஷினுக்கு மாலை போட்டு, பட்டையாகச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள்.

"அக்கா, இன்னிக்கு எடுக்க முடியாதுக்கா. ஓனரம்மா வந்து பூஜை போட்டுட்டு, நாளைக்குக் காலைலதான் ஆன் பண்ணணும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் கிறிஸ்டியன் வேற. தொட்டேன்னு தெரிஞ்சா தப்பா நினைப்பாங்க. டாக்டர் சீட்டு எடுத்துட்டு வந்திருக்கீங்களா?"

"சீட்டும் பூஜையிலதான் கீது!" என்று கத்தினேன். "எங்க வூட்ல மிக்ஸி பூஜையில கீது, டாக்டர் வூட்ல பேனா பூஜையில கீது, இங்க மெஷின் பூஜையில கீது. இந்தக் கொழந்த வயிறு மட்டும் லீவு எடுத்துக்குமா? இன்னாய்யா பேசற நீ? அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், உங்க ஓனரம்மாவுக்கும் நானே சொல்லிக்கிறேன். எடு!"

அப்போதுதான் அவர் செல்லியின் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பொரியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மாலையைக் கழற்றி ஒரு ஸ்டூலில் மரியாதையாக வைத்தார், சுவிட்சைப் போட்டார். அடுக்கி வைத்திருந்த கேசட்டுகளில், அதாவது ஃபிலிம் போட்டு மேசைமேல் வைக்கிற தட்டைப் பெட்டிகளில் ஒன்றை உருவினார். நான் போட்ட கூச்சலில் அதன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. ஒரு துணியை விரித்து செல்லியை அதன்மேல் படுக்கவைத்தோம். இவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், நான் காலை. அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

எலியேசர் இருட்டறைக்குள் போய் ஃபிலிமைக் கழுவிக்கொண்டு ஈரத்தோடு வந்தார். விளக்குப் பெட்டியில் மாட்டினார். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு விரலை வைத்தார்.

"இதோ கீதுக்கா."

குழந்தையின் விலா எலும்புகளுக்குக் கீழே, நட்ட நடு வயிற்றில், வெள்ளையாக ஒரு வட்டம்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், குழாய் விட்டு எடுப்பார்கள், உடனே போங்கள் என்று எலியேசர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். புஷ்பாவுக்குப் போன் செய்ய வேண்டும். என்ன சொல்வது? என் கண்ணு அவமேலதான் இருக்கும் என்று சொன்ன வாயால் என்ன சொல்வது?

இவர் மட்டும் விளக்குப் பெட்டியை விட்டு நகரவில்லை. மூக்கு உரசுகிற மாதிரி கிட்டே போய் நின்றிருந்தார்.

"இதுல ஓட்டை இல்லியே" என்றார்.

"இன்னாது?"

"நம்ம காலர்ல நடுவுல ஓட்டை கீது கோகிலா. இது முழு வட்டமா கீது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே கொன்றிருப்பேன். "கொழந்த வயித்துல இரும்பு கீது, நீங்க ஓட்டையப் பத்திப் பேசறீங்களா? பொம்மை பொம்மைன்னு..."

"இரும்பு இல்ல, பித்தளை" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். "நல்லாக் கேளு. அது நேரா இருந்தா வளையமாத் தெரியணும். படுத்து இருந்தா நீட்டுக் கட்டையாத் தெரியணும். பக்கத்துல ஸ்க்ரூ துருத்திக்கினு இருக்கணும். எப்படிப் போட்டாலும் இந்த மாதிரி தெரியாது. எத்தினி தபா கையில வச்சுத் திருப்பியிருக்கேன், எனக்குத் தெரியாதா? அப்புறம் பித்தளைன்னா பளீர்னு இருக்கணும். இது மங்கலா கீது. ஓட்டை எங்கனா தெரியுதா, நீ கொஞ்சம் பாரு. என் கண்ணு கலங்கிக்கினு கீது."

அவர் சொன்னதற்காகத்தான் கிட்டே போனேன், நம்பிக்கையில் இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். ஓட்டை இல்லை. வட்டத்தின் ஓரம் ஒழுங்காகக்கூட இல்லை, விரலால் அழுத்தித் தேய்த்த மாதிரி ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்திருந்தது. இப்படி ஒன்றை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. பார்வையை விலக்கி ஃபிலிமை மொத்தமாகப் பார்த்தேன். மேல் மூலையில், குழந்தையின் தோளுக்கு வெளியே, இன்னொரு வட்டம். இந்தப் பக்க மூலையில் ஒன்று. கீழே ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று.

நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று. காலையிலிருந்து நான் கிரைண்டருக்கும் தையல் மெஷினுக்கும் வைத்ததும் அதே கணக்குத்தான்.

"தம்பி" என்றேன். "அந்தப் பெட்டிய எடுத்துக்கினு வா."

எலியேசர் கேசட்டைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் திருப்பினார். ஓனரம்மா பக்தியில் குறை வைக்கவில்லை. மெஷினோடு நிற்காமல் கேசட்டுகளுக்கும் நாலு மூலையிலும் நடுவிலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார். காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது.

"ஐயோ, ஆண்டவரே" என்றார் எலியேசர். தலையில் கைவைத்துக்கொண்டார். "மலிவுக் குங்குமத்துல ஈயத்தைக் கலக்கறாங்கன்னு சொல்வாங்கக்கா. கெட்டியா அப்பினா படத்துல விழும் போல. நான் திருப்பிப் பாத்திருக்கணும்."

"நான் கத்தாம இருந்திருக்கணும்" என்றேன். "தொடைச்சிட்டு இன்னொண்ணு எடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

அவர் ஈரத்துணியால் தேய்த்தார், இவர் கைக்குட்டையால் தேய்த்தார், நான் முந்தானையால் தேய்த்தேன். மறுபடி படுக்கவைத்தோம். கழுத்திலிருந்து தொடை வரை முழுசாக விழுகிற மாதிரி எடுத்தார். இந்தத் தடவை செல்லிக்கு அழவும் தெம்பில்லை, எங்களை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். எலியேசர் இருட்டறைக்குள் போனார். அந்தக் கதவுக்கு வெளியே நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வெளியே அவர் என் கையைப் பிடித்ததே கிடையாது.

படம் வந்தது. கழுத்து, நெஞ்சு, வயிறு. எலும்பு எலும்பாக, சுத்தமாக இருந்தது. எந்த இடத்திலும் ஒரு புள்ளிகூட இல்லை. எலியேசர் இரண்டு தடவை மேலிருந்து கீழே விரலை ஓட்டிக் காட்டினார். "ஒண்ணுமே இல்லக்கா. தங்கம் மாதிரி கீது கொழந்த. பசிக்குப் பாலைக் குடுங்க முதல்ல" என்றார்.

நான் செல்லியை வாரி எடுத்து வயிற்றில் முத்தம் கொடுத்தேன், வாயில் கொடுத்தேன், நெற்றியில் கொடுத்தேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை. அவளை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எலியேசர் மறுபடி மெஷினுக்கு மாலையைப் போட்டு, கோணாமல் சரி செய்தார். பக்கத்துக் கடையில் பால் வாங்கிக் காய்ச்சித் தரச்சொல்லி, அவர் டம்ளரிலேயே ஊட்டினேன். செல்லி மூச்சுவிடாமல் குடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட எனக்கு அன்றைக்கு வேறு பூஜை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் தூங்கிப்போனாள். கட்டிலில் அவளைக் கிடத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் இடம் பண்ணுவதற்காக நான் அவருடைய வேட்டியை எடுத்து உதறினேன். டக்கென்று ஒன்று தரையில் விழுந்து சுற்றி நின்றது. பித்தளை. நடுவில் ஓட்டை. பக்கத்தில் குட்டி ஸ்க்ரூ.

நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். பேண்ட் போடுகிற நாளாக இருந்தால் கழற்றின சாமான் பாக்கெட்டுக்குப் போயிருக்கும், கையை விட்டால் கிடைத்திருக்கும். வேட்டிக்கு ஏது பாக்கெட்? நல்ல நேரம் போகிறது என்று நான் கத்தின கத்தலில், துடைப்பதற்காகக் கழற்றினதை இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு எழுந்து வந்திருக்கிறார். செருகினதை மறந்துவிட்டார், மாட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

"கோகிலா..." என்றார். தலை குனிந்திருந்தது.

வேறு நாளாக இருந்தால் நான் போடுகிற சத்தம் எங்கள் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அது கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, கட்டிலுக்கு மேலே செல்லி வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறாள். இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சத்தம் போட்டால் அவள் எழுந்துவிடுவாள் என்று வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர இரண்டு பேரும் சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகுதான் புஷ்பாவின் ஞாபகம் வந்தது.

"அதான் ஒண்ணும் ஆவலியே. சொல்லாத" என்றார் இவர். "சொன்னா அந்த மாமியாருக்கு வாய்ல அவல் போட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கே கிரீச்ல சேத்துடுவாங்க."

எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் தினமும் காலையில் அவள் குழந்தையை நீட்டும்போது அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? சாயங்காலம் புஷ்பா உள்ளே வந்து செருப்பைக்கூட முழுசாகக் கழற்றவில்லை, நான் ஆரம்பித்துவிட்டேன். காலர், பொரி, டாக்டர், வெள்ளை வட்டம், குங்குமம், வேட்டி, எல்லாம் ஒரே மூச்சில். சொல்லிவிட்டு இரண்டு ஃபிலிமையும் அவள் கையில் கொடுத்தேன்.

அவள் செல்லியின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். வாயைத் திறந்து பார்த்தாள். ஃபிலிமை ஒவ்வொன்றாக டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். வட்டம் இருந்த படத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்த நேரம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது.

இவருக்குப் பொறுக்கவில்லை. "புஷ்பா, எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடறேம்மா. காலைல பூஜை எடுத்த உடனே மொதல் வேலை அதான்" என்றார்.

"எதுக்கு மாமா?" என்றாள் அவள். "அப்புறம் இவளுக்கு எதைக் காட்டிச் சோறு ஊட்டுவீங்க?"

நாற்காலியில் உட்கார்ந்தாள். ஃபிலிமை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"போன வாரம் எங்க வூட்ல இவ என் சேஃப்டி பின்ன வாயில போட்டுக்கினாக்கா. தொறந்த பின்னு. நான் போன்ல பேசிக்கினு இருந்தேன், பாக்கல. தற்செயலாத் திரும்பி எடுத்தேன். யாருக்கும் சொல்லல. உங்கிட்டயும் சொல்லல. சொன்னா நீ கிழிப்பேன்னு பயம். இத்தினி நாளா ராத்திரியில தூக்கம் புடிக்கல." ஃபிலிமைக் காட்டினாள். "நீ ஒரு ராத்திரிகூடத் தாங்கல. நான் வாசல்ல கால் வைக்கறதுக்குள்ள சொல்லிட்ட."

காலையிலிருந்து ஓடின ஓட்டத்தில், சென்டரில்கூட அழாதவள், இப்போது உடைந்துபோனேன். ஏங்கி ஏங்கி அழுதேன்.

"நாளைக்கு எனக்கு ஆபீஸ் வண்டி சீக்கிரமே வந்துடும்க்கா. இவ தூக்கத்துல இருப்பா, அப்படியே தூக்கிக்கினு வந்து போட்டுடறேன். பால் பவுடர் தீந்து போச்சு, மாமாவ ஒண்ணு வாங்கி வைக்கச் சொல்லு" என்றாள் புஷ்பா. "அழாத. பாரு, அவ பயந்துக்கினு பாக்கறா" என்று சொல்லி, குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, முகம் கழுவப் போனாள்.